வராத தண்ணீர்

தெருவில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் அவரிடம்தான் மாத்திரை கேட்டு வருவார்கள். கேப்ஸ்யூல்காரர் என்று பெயர் எடுத்த மனிதர் மருந்துக் கம்பெனியில் இல்லாமல் வேறு எங்கே இருக்கப் போகிறார் என்பது அவர்கள் எண்ணம். முதல் சில வருஷம் அவரும் பொறுமையாக விளக்கிப் பார்த்தார். தான் செய்கிற கேப்ஸ்யூல் பிளாட்டினத்தில் ஆனது, அரிசி மணி அளவுதான் இருக்கும், அதற்குள் போவது மருந்து அல்ல, கல்லுப் பொடியும் ஒரு சொட்டில் நூறில் ஒரு பங்கு தண்ணீரும் என்று ஆரம்பிப்பதற்குள் எதிரில் நிற்பவர் கொட்டாவி விட்டுவிடுவார். கடைசியில் வீட்டில் ஒரு டப்பா காய்ச்சல் மாத்திரை வாங்கி வைத்துக்கொண்டார். கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுவார். சங்கடமான பேச்சை வளர்க்காமல் முடிப்பதில் அவருக்கு அப்படி ஒரு சாமர்த்தியம். அந்தச் சாமர்த்தியம்தான் அவர் குடியைக் கெடுத்தது.

அவர் வேலை பார்த்தது உயர் அழுத்த ஆய்வுக்கூடத்தில், இருபத்தாறு வருஷமாக. பூமிக்குள் போய்ப் பார்க்க எவராலும் முடியாது. தோண்டினால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரோடு இயந்திரத்துக்கு நாக்குத் தள்ளிவிடும். அதற்குக் கீழே மூவாயிரம் கிலோமீட்டர் ஆழம் வரை இருப்பது மேன்டில். மொத்தமும் கல். ஆனால் சூட்டில் இளகி, நகம் வளர்கிற வேகத்தில் நகர்ந்துகொண்டிருக்கும் கல். அங்கே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமென்றால் அந்தச் சூட்டையும் அழுத்தத்தையும் மேலே ஓர் அறைக்குள் கொண்டுவர வேண்டும். அதற்குத்தான் பிரஸ் என்கிற அழுத்தும் இயந்திரம். இரண்டு ஆள் உயர இரும்பு உடம்பு. அதன் வயிற்றில் முனை வெட்டிய எட்டு கடினக் கட்டைகள். அவை எட்டும் சேர்ந்து அமுக்கும் இடத்தில் மக்னீசியாவால் ஆன ஒரு வெள்ளைக் கட்டி, நெல்லிக்காய் பருமன். அந்தக் கட்டிக்குள் கேப்ஸ்யூல்காரரின் கேப்ஸ்யூல். இவ்வளவு பெரிய இரும்பும் கடைசியில் அழுத்துவது அந்த அரிசி மணியைத்தான்.

ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சி தண்ணீரைப் பற்றியது. கடலின் அடித்தரை கண்டங்களுக்குக் கீழே சொருகிக்கொண்டு இறங்கும்போது கடலையும் கொஞ்சம் கூட இழுத்துக்கொண்டு போகிறது. தண்ணீராகப் போவதில்லை. கல்லின் படிகத்துக்குள் ஹைட்ரஜனாக ஒட்டிக்கொண்டு போகிறது. தொட்டால் ஈரம் இருக்காது, பிழிந்தால் சொட்டாது, ஆனாலும் கணக்குக்கு அது தண்ணீர்தான். நானூறு கிலோமீட்டரிலிருந்து அறுநூற்று அறுபது வரை உள்ள கனிமங்கள் அப்படி நிறையவே பிடித்து வைக்கும். அதில் யாருக்கும் சண்டை இல்லை. சண்டை அதற்குக் கீழே. அறுநூற்று அறுபதைத் தாண்டியதும் கனிமம் வேறாக மாறுகிறது. அந்தக் கீழ்க் கனிமம் வருகிற தண்ணீரை உள்ளே சேர்த்துக்கொள்ளுமா, வாசலோடு திருப்பி அனுப்புமா? சேர்த்துக்கொள்ளும், இன்னொரு கடலே அங்கே இருக்கிறது என்று பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு சோதனையை வைத்துச் சொன்னவர் இந்த ஆய்வுக்கூடத்தின் தலைவர். அன்றிலிருந்து அவர் முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவர் கடல் சார்.

அந்த ஒரே சோதனைக்குக் கேப்ஸ்யூல் செய்தவர் நம் கேப்ஸ்யூல்காரர். கட்டியைத் தயார் செய்தவரும் அவரே.

அந்த வெள்ளைக் கட்டியைப் பற்றி ஒன்று தெரிந்தால்தான் மேலே சொல்ல முடியும். அது காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும். அலமாரியில் சும்மா இருந்தாலே குடிக்கும். பிரஸ்ஸுக்குள் ஆயிரத்து அறுநூறு டிகிரியில், அந்த ஈரத்தின் ஹைட்ரஜன் பிளாட்டினச் சுவரை, கொசுவலையில் காற்று நுழைகிற மாதிரி, ஊடுருவி உள்ளே போய்விடும். உள்ளே அளந்து வைத்த தண்ணீர் ஒன்று, அளக்காமல் வெளியிலிருந்து வந்த தண்ணீர் ஒன்று, இரண்டும் கலந்துவிட்டால் முடிவில் எது எது என்று கடவுளாலும் சொல்ல முடியாது. அளவுக்கு மீறின தண்ணீர் கல்லைக் கொஞ்சம் உருக்கி, படிகத்தின் இடுக்குகளில் ஈரத்தோடு உறைந்துவிடும், அளக்கும்போது அதுவும் படிகம் பிடித்த தண்ணீராகத்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு கட்டியையும் ஆயிரம் டிகிரி உலையில் சுட்டு, உலர்த்தும் பெட்டியில் வைத்து, அப்படியே எடுத்துப் பிரஸ்ஸில் ஏற்ற வேண்டும். கேப்ஸ்யூலுக்கும் ஒரு சட்டம் உண்டு. தண்ணீர் விட்டு வாயைப் பற்றவைத்ததும் எடை போட வேண்டும். சூட்டில் வைத்து எடுத்து மறுபடி எடை போட வேண்டும். எடை குறைந்தால் ஒழுகிவிட்டது என்று அர்த்தம். இந்த இரண்டுக்கும் ஒரு சீட்டு. அதில் இரண்டு கட்டம்: 'சுட்டது', 'எடை சரிபார்த்தது'. இரண்டிலும் டிக் போட்டுக் கையெழுத்து வைப்பது கேப்ஸ்யூல்காரர். உலை பழைய உலை, எப்போது எரிந்தது எப்போது அணைந்தது என்று அது எதையும் குறித்து வைக்காது. உலகத்தில் அதற்கு இருந்த ஒரே சாட்சி அவர் டிக்.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஓர் அடைமழை வாரத்தில் உலைக்கு உடம்பு சரியில்லை. பாதி சூட்டுக்கு மேல் ஏற மறுத்தது. கடல் சாருக்கோ, அப்போது அவர் வெறும் சார்தான், அந்த மாசக் கூட்டத்துக்கு ஏதாவது ஒரு முடிவைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். இன்றைக்கே ஏற்றுங்கள் என்று இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார். உலை சரியில்லை என்று சொன்னால் கத்துவார். கேப்ஸ்யூல்காரர் அலமாரியில் இருந்த ஒரு கட்டியை எடுத்து, உலர்த்தும் பெட்டியில் ஒரு மணி நேரம் வைத்தார். தொட்டுப் பார்த்தால் காய்ந்துதான் இருந்தது. ஒரு தடவைதானே, இவர்கள் இதைத் திரும்பச் செய்யாமலா இருக்கப் போகிறார்கள் என்று நினைத்தபடி 'சுட்டது' கட்டத்தில் டிக் போட்டார்.

பத்து நாள் கழித்து அகச்சிவப்புக் கருவியின் திரையில் மேடு எழும்பியது. அந்தக் கருவி செய்கிற வேலை சுலபம். படிகத்தை மெல்லிசாகச் சீவி ஒளியை ஊடே அனுப்பும். தண்ணீர் இருந்தால் கோட்டில் ஒரு மேடு வரும், இல்லாவிட்டால் கோடு தரையோடு தரையாகக் கிடக்கும். அன்றைக்கு வந்தது மேடு அல்ல, மலை. ஆய்வுக்கூடமே துள்ளிக் குதித்தது. கேப்ஸ்யூல்காரருக்கு மட்டும் அந்தச் சுடாத கட்டி ஞாபகம் வந்தது. அப்போதே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவர் சார் அறைக்குப் போனார். சார் எழுந்து வந்து, எல்லோர் முன்னாலும் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, இந்தக் கை இல்லாவிட்டால் இந்தக் கடல் இல்லை என்றார். அதற்குப் பிறகு எந்த வாயால் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று திரும்பி வந்தார். அந்த நாளை பதினாலு வருஷமாக வரவில்லை.

கட்டுரை வெளிவந்தபோது கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லி அவர் பெயரைப் போட்டிருந்தார்கள். மனைவி அந்தப் பக்கத்தை வெட்டி, பிளாஸ்டிக் உறை போட்டு, கூடத்தில் மாட்டினாள். பதிமூன்று வயசு மகள் அதைப் படிப்பு மேஜைக்கு நேர் மேலே மாற்றி மாட்டிக்கொண்டாள். ஒரே மகள்.

அந்த மகள் படித்து முடித்ததும் ஆராய்ச்சிக்கு எங்கே வேண்டுமானாலும் போயிருக்கலாம். கூப்பிட்டவர்கள் இருந்தார்கள். அவள் நேராக வந்து நின்றது அப்பாவின் ஆய்வுக்கூடத்தில், அப்பா செய்த அதே சோதனையில். ஆய்வுக்கூடத்துக்குள் அப்பா என்று கூப்பிடக் கூடாது என்று முதல் நாளே தனக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். மற்றவர்கள் மாதிரி அண்ணே என்று கூப்பிடவும் வாய் வரவில்லை. கடைசியில் "என்னங்க" என்று கூப்பிட்டாள். பிரஸ் அறையில் இருந்த நாலு பேரும் சிரித்த சிரிப்பில் இரண்டாம் வாரமே சட்டம் ரத்தாகி, மறுபடி அப்பா ஆனார்.

முதல் வருஷத்தில் ஒரு நாள், சாப்பிடும்போது, அவர் மெதுவாகப் பேச்சைத் தொடங்கினார். அந்தப் பழைய சோதனையில் ஒரு சின்ன விஷயம் என்று ஆரம்பித்தார். அவள் உற்சாகமாக நிமிர்ந்தாள். "வெளியில யாராவது கேட்டா, அந்தக் கேப்ஸ்யூலை பத்தவெச்சதே எங்கப்பாதான்னுதான் சொல்லிக்கறேன்" என்றாள். அவர் சோற்றை மென்று, சொல்ல வந்ததையும் சேர்த்து விழுங்கினார்.

நாலு வருஷம். நாற்பது சோதனை. ஒவ்வொன்றுக்கும் பிரஸ்ஸில் முறை வரக் காத்திருப்பதிலிருந்து படிகம் சீவுவது வரை ஒரு மாசம் போல ஓடிவிடும். நாற்பதுக்கும் அவர் ஒழுங்காகச் சுட்டார், ஒழுங்காக எடை போட்டார், ஒழுங்காக டிக் போட்டார். முன்னால் செய்த பாவத்துக்குப் பரிகாரம் மாதிரி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்தார். நாற்பது தடவையும் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. கீழ்க் கனிமம் தண்ணீரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒதுங்கி நின்ற அந்தத் துளித் தண்ணீரும் கேப்ஸ்யூலை அறுக்கும்போது ஆவியாகிப் போய்விடும். அவள் வீட்டுக்கு வருவாள், செருப்பைக் கழற்றும்போதே "வரல" என்பாள். "குழாய்லயே நாலு நாளைக்கு ஒரு தடவை வருது, உனக்கு நாலு வருஷமா வரமாட்டேங்குதே" என்று அம்மாக்காரி ஒரு தடவை கிண்டல் செய்தாள். அப்பா சிரிக்கவில்லை.

மகள் இளைத்தாள். பேச்சு குறைந்தது. கேட்டதற்கு மட்டும் பதில் வந்தது. ஏன் வரவில்லை என்று தெரிந்த ஒரே ஆள் எதிரில் உட்கார்ந்து ரசஞ்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் அடுத்த தடவைக்குப் பிறகு சொல்லிவிடலாம் என்று நினைத்தார். நல்ல அப்பாதான். மகளுக்காக உயிரைக் கொடு என்றால் கொடுத்திருப்பார். ஒரு வாக்கியத்தைக் கொடு என்றால்தான் முடியவில்லை.

நாலாம் வருஷக் கடைசியில் அவளுக்குக் கொடுத்த காலம் முடிய ஆறு வாரம் இருந்தது. அதற்குப் பிறகு பிரஸ் வேறு குழுவுக்குப் போகிறது. வெளியூரிலிருந்து தேர்வாளர் அம்மா ஒருவர் வரப் போவதாகவும், பழைய சோதனையை அப்படியே, அதே அளவில், அவர் கண் முன்னால் ஒரு தடவை செய்துகாட்ட வேண்டும் என்றும் முடிவாயிற்று. கடல் சார் நடைக்கூடத்தில் கேப்ஸ்யூல்காரரை நிறுத்தினார். தோளில் கை போட்டார்.

"என்ன கேப்ஸ்யூல், பொண்ணு நாலு வருஷமா தடுமாறுது. இதுதான் கடைசி. பாத்துச் செய்யுங்க" என்றார்.

அவர் என்ன நினைத்துச் சொன்னாரோ அவருக்குத்தான் வெளிச்சம். கேப்ஸ்யூல்காரர் ராத்திரியெல்லாம் புரண்டு படுத்தார். நாற்பத்தோராவது தடவையும் வராது. அது வராவிட்டால் மகள் வெறுங்கையோடு வெளியே போவாள். வந்துவிட்டால்? ஒரே ஒரு மேடு வந்துவிட்டால் பட்டம் கிடைக்கும், வேறு எங்காவது போவாள், வேறு எதையாவது ஆராய்வாள், இந்த நாசமாய்ப் போன கட்டியை மறந்துவிடுவாள். விடிவதற்குள் தீர்மானித்துவிட்டார். உண்மையைச் சொல்வதற்கு நாலு வருஷம் கிடைக்காத தைரியம் இதற்கு ஒரே ராத்திரியில் கிடைத்தது.

அலமாரியிலிருந்து சுடாத கட்டி ஒன்றை எடுத்தார். மூடி போட்ட டப்பாவில், ஈரத்துணிக்குப் பக்கத்தில், இரண்டு நாள் வைத்தார். பிறகு மேல் ஈரம் போக ஒரு மணி நேரம் உலர்த்தும் பெட்டியில் வைத்தார். 'சுட்டது' கட்டத்தில் டிக் போட்டார்.

தேர்வாளர் அம்மா கெட்டிக்காரி. கேப்ஸ்யூலைப் பூதக்கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எடையைத் தானே படித்தார். எட்டுக் கட்டைகளையும் விரலால் தடவிப் பார்த்தார். அழுத்தம் ஏறுகிற நேரம் முழுக்க நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கட்டி சுட்டதா என்று மட்டும் சீட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். அது இரண்டு நாள் முந்திய சமாச்சாரம், அடுப்பை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்?

படிகத்தைச் சீவியது மகள். கருவி அறை சின்னது, நாலு பேர் நின்றால் மூச்சு முட்டும். அவள் நாற்காலியில், அவளுக்குப் பின்னால் கடல் சார், பக்கத்தில் தேர்வாளர் அம்மா, கதவருகே அப்பா. திரையில் கோடு இடமிருந்து வலமாக ஓடியது. ஓடிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் ஏறியது. ஏறிக்கொண்டே போனது. கேப்ஸ்யூல்காரர் திரையைப் பார்க்கவில்லை. மகள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு வருஷமாகப் பார்க்காத சிரிப்பு அதில் வரும் என்று காத்திருந்தார்.

அந்த முகம் வெளுத்தது. அவள் மறுபடி ஓட்டினாள். மறுபடி ஏறியது. படிகத்தைத் திருப்பி வைத்து இன்னொரு தடவை ஓட்டினாள். கடல் சார் அவளுடைய நாற்காலி முதுகைத் தட்டி, கை பழக வேண்டும் என்று தான் அப்போதே சொன்னதாகச் சொன்னார். தேர்வாளர் அம்மா நோட்டுப் புத்தகத்தை மூடினார். நாளைக் காலை உட்கார்ந்து பேசி முடித்துவிடலாம் என்றார்.

சாயங்காலம் மகள் சமையலறையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அம்மா காய் நறுக்கிக்கொண்டே அவளைப் பார்ப்பதும் குனிவதுமாக இருந்தாள். கேப்ஸ்யூல்காரர் வந்து வாசற்படியில் நின்று, அதுதான் வந்துவிட்டதே, அப்புறம் என்னம்மா என்று கேட்டார்.

"வராததுதான்ப்பா என் தீசிஸ்" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. அவள் அலுப்போடு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னாள். இரண்டாம் வருஷமே தனக்குத் தெரிந்துவிட்டது, பழைய முடிவு தப்பு என்று. கீழே கடலும் இல்லை, குளமும் இல்லை. அந்தக் கனிமம் தண்ணீரைச் சேர்ப்பதில்லை. கீழே இறங்குகிற தண்ணீர் அறுநூற்று அறுபதோடு நின்றுவிடுகிறது, அங்கேயே தேங்கி, மேலே உள்ள கல்லை உருக்குகிறது. உலகமே பதினாலு வருஷமாகத் தப்பான அளவை வைத்துக்கொண்டு பூமியின் தண்ணீரைக் கணக்குப் போடுகிறது. நாற்பது சோதனையும் தோல்வி அல்ல, நாற்பது சாட்சி. இருநூறு பக்கம் எழுதி, கடல் சாரிடம் கொடுத்தும் ஆயிற்று. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் வெளியிலிருந்து தேர்வாளர் வந்தது, அதனால்தான் இந்த நாற்பத்தோராவது. இதிலும் வராமல் இருந்திருந்தால் ஒத்துக்கொண்டாக வேண்டும்.

இதை ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று அம்மா கேட்டாள். மகள் பையிலிருந்து தாள்களை எடுத்து, ஒரு பக்கத்தைத் திறந்து அப்பாவிடம் நீட்டினாள். 'பழைய சோதனையில் அந்த நீர் எங்கிருந்து வந்தது என்பது தெரியவில்லை' என்று இருந்தது.

"கட்டியிலேர்ந்துதான் வந்திருக்கணும். அன்னிக்கு உலை சரியா எரிஞ்சிருக்காது" என்றாள். "அப்படி எழுதினா உங்க டிக்கைத் தப்புன்னு சொன்ன மாதிரி ஆயிடும். அதான் தெரியலைன்னு எழுதினேன்."

அவளைக் காப்பாற்ற என்று கேப்ஸ்யூல்காரர் குழி தோண்டியிருந்தார். அவரைக் காப்பாற்ற என்று அவள் அந்தக் குழியின் விளிம்பிலேயே இரண்டு வருஷம் நடந்திருக்கிறாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சமையலறையில் மூன்று பேர்தான் இருந்தார்கள், மூன்று பேரும் சொந்தம். பக்கத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கூடத்துக்குப் போனார். மனைவி பின்னாலேயே வந்து, உங்கள் மூஞ்சியே சரியில்லை என்றாள். அவளிடமும் சொல்லவில்லை.

காலையில் பஸ்ஸில் போகும்போது கணக்கு அவருக்குத் தெளிவாகவே இருந்தது. போய் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட வேண்டும். பழைய கட்டி சுடாதது, அந்த மலை பொய். நேற்றைய கட்டி சுடாதது, அந்த மலையும் பொய். மீதி நாற்பதும் மெய். தன் வேலை போகும், பெயர் நாறும், கூடத்தில் மாட்டிய பக்கத்தைக் கழற்ற வேண்டும். போகட்டும். மகள் எழுதியது நிற்கும். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவருக்கு மனசு லேசாக இருந்தது.

கடல் சார் அறையில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போய், உட்காராமல், நின்றுகொண்டே சொன்னார். ஈரத்துணி, டப்பா, இரண்டு நாள் என்று ஒன்று விடாமல் சொன்னார். மழை வாரத்தையும் சொன்னார். சொல்லும்போது மகளைப் பார்க்கவில்லை. முடித்த பிறகு பார்த்தார். அவள் மேஜை மேல் இருந்த தன் இருநூறு பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடல் சார் கத்துவார் என்று எதிர்பார்த்தார். அவர் கத்தவில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். நாற்பது கேப்ஸ்யூலிலும் தண்ணீரை விட்டது யார் என்று கேட்டார். நான்தான் என்றார் கேப்ஸ்யூல்காரர். பற்றவைத்தது? நான். ஒழுகவில்லை என்று எடை பார்த்து டிக் போட்டது? நான்.

"அப்போ அந்த நாப்பதுலயும் உள்ள தண்ணி இருந்துச்சுங்கறதுக்கு உங்க டிக்தான் சாட்சி" என்றார் கடல் சார். "உங்க டிக்கை நம்பினா, என் பழைய ரிசல்ட்டும் சரி, நேத்து வந்ததும் சரி. நம்பலைன்னா, உங்க பொண்ணோட நாப்பதும் போச்சு. எதுன்னு நீங்களே சொல்லுங்க."

நாற்பதும் சத்தியமாகச் சரி என்று கேப்ஸ்யூல்காரர் சொல்ல வேண்டும். சத்தியம் செய்கிற இடத்திலா அவர் இப்போது நிற்கிறார்? தேர்வாளர் அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மாவுக்குக் கண் கலங்கியிருந்தது, ஆனாலும் சட்டம் சட்டம்தானே. எல்லாத் தயாரிப்பும் ஒரே கையில் நடந்திருக்கிறது, அந்தக் கை மாணவியின் சொந்தத் தகப்பனார் கை, அந்தத் தகப்பனாரே தன் சீட்டு பொய் என்று ஒத்துக்கொள்கிறார், இந்த நிலையில் இந்த ஆய்வை ஏற்க முடியாது என்று மெதுவாகச் சொன்னார். வேறு கையால் மறுபடி செய்து வந்தால் பார்க்கலாம் என்றார். நாற்பதுக்கும் இன்னொரு நாலு வருஷம் ஆகும். மகளுக்கு மீதி இருந்தது நாலு வாரம். பழைய சோதனையைப் பற்றிப் பேச்சு வந்தபோது, பதினாலு வருஷத்துக்கு முந்திய சீட்டில் டிக் இருக்கிறது, அது பொய் என்று சொல்ல இன்றைக்கு ஒருவருடைய வாய் வார்த்தையைத் தவிர வேறு ஆதாரம் இல்லை என்றார் கடல் சார். அதையும் மறுக்க முடியவில்லை. கடல் அப்படியே இருந்தது.

கேப்ஸ்யூல்காரரை அன்றிலிருந்து விடுப்பில் போகச் சொன்னார்கள். சாமான்களை எடுக்க வேலையறைக்கு வந்தார். கொஞ்ச நேரத்தில் மகளும் வந்தாள். அழவில்லை. ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தாலாவது அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் இழுப்பறையிலிருந்து நாற்பது சீட்டையும் எடுத்து மேஜையில் வைத்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இங்க யாரும் இல்ல. எனக்காக மட்டும் சொல்லுங்கப்பா" என்றாள். "ஒண்ணு. பத்தவெச்சப்புறம் எடை பாத்தீங்களா?"

"பாத்தேம்மா."

"ரெண்டு?"

"பாத்தேன்."

ஒவ்வொரு சீட்டாக எடுத்தாள். எண்ணைச் சொன்னாள், அவர் பதில் சொன்னார், அவள் கவிழ்த்து வைத்தாள். எல்லாம் உண்மை. ஒன்றில்கூட அவர் பொய் சொல்லவில்லை. ஏழு, பன்னிரண்டு, பதினாறு என்று போகப் போக அவர் குரலில் கொஞ்சம் உறுதி வந்தது. அவள் தோள்கூடச் சற்று இறங்கியது போல அவருக்குத் தோன்றியது. இப்படியே நாற்பதும் சொல்லி முடித்தால் மகள் நம்பிவிடுவாள், ஊர் நம்பாவிட்டால் போகிறது.

"இருபத்திமூணு?"

அந்த வாரம் அவருக்குக் கடுமையான சளி. கண்ணெல்லாம் நீர் வடிந்துகொண்டிருந்தது. பற்றவைத்தது ஞாபகம் இருந்தது. சூட்டுப் பெட்டியில் வைத்தது ஞாபகம் இருந்தது. எடுத்து மறுபடி எடை போட்டதை மனசுக்குள் தேடினார். போட்டிருப்பார், போடாமல் இருக்கவே மாட்டார். ஆனாலும் இனிமேல் அவளிடம் ஒரு சொல்கூட நிச்சயம் இல்லாமல் சொல்லக் கூடாது என்று அன்று காலைதான் முடிவு செய்திருந்தார். தராசின் கதவைத் திறந்தது, எண் நின்றது, டிக் போட்டது என்று ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்தார். வந்துவிட்டது. மொத்தம் மூன்று விநாடி ஆகியிருக்கும்.

"பாத்தேன். பாத்தேம்மா. அந்த வாரம் சளி புடிச்சிருந்தது, அதான் கொஞ்சம் யோசிச்சேன்" என்றார்.

அவள் சீட்டைக் கையில் வைத்தபடி அவரையே பார்த்தாள்.

"சரிப்பா" என்றாள்.

கவிழ்த்தவற்றையும் கவிழ்க்காதவற்றையும் ஒன்றாக அடுக்கினாள். ரப்பர் பேண்டைப் போட்டு இழுப்பறையில் வைத்து மூடினாள். மீதி பதினேழை அவள் கேட்கவே இல்லை.